குளூனி மடத்தின் கற்கள்

நவம்பர் 2ஆம் நாள் மாலை நம் கல்லறைத் தோட்டங்களில் மெழுகுதிரிகள் எரிகின்றன; குருவானவர் தீர்த்தம் தெளித்தவாறே வரிசைகளினூடே நடந்து வருகிறார். அந்த நாளை நமக்குக் குறித்துத் தந்தது பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் இருந்த ஒரு துறவு மடம் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். குளூனி மடத்தின் ஐந்தாம் அதிபரான புனித ஓதிலோ, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சகல புனிதர் திருநாளுக்கு மறுநாளை இறந்த விசுவாசிகளுக்கென ஒதுக்கித் தம் மடங்களுக்குக் கட்டளையிட்டார். அவ்வழக்கம் மடம் விட்டு மடம் பரவி, பின்னர் திருச்சபை முழுவதற்கும் உரியதாயிற்று.

மடம் தோன்றியது கி.பி. 910இல். அக்குவித்தேன் கோமகன் வில்லியம் தம் வேட்டை மாளிகை இருந்த நிலத்தைத் துறவியர்க்கு அளித்தார். வேட்டை நாய்களை எங்கே கொண்டுபோவது என்று அவர் தயங்கியதாகவும், நாய்களை விரட்டித் துறவிகளை வைத்தால் விண்ணகத்தில் எது பலன் தரும் என்று எண்ணிப்பாரும் என முதல் அதிபர் பெர்னோ விடையிறுத்ததாகவும் ஒரு மரபுக்கதை உண்டு. கதை எவ்வாறாயினும், கோமகன் எழுதிக் கொடுத்த சாசனம் வியப்புக்குரியது. தாமோ, தம் உறவினரோ, அரசரோ, ஆயரோ, பாப்பரசரேயாயினும் மடத்தின் உடைமையில் கைவைக்கலாகாது என்று அது விதித்தது. புனிதர்களான இராயப்பர், சின்னப்பர் இருவரின் பாதுகாப்பில் மடம் விடப்பட்டது. கோட்டை வைத்திருந்த பிரபுக்கள் அக்கம்பக்கத்துக் கோவில்களைத் தங்கள் சொத்தாகவே கருதி, தம் பிள்ளைகளை அதிபர்களாக அமர்த்திய காலம் அது. அந்தப் பிடியிலிருந்து ஒரு மடமேனும் தப்பியது சிறிய காரியமன்று.

ஆறாம் அதிபர் புனித ஹியூ அறுபது ஆண்டுகள் (1049-1109) ஆண்டார். அவர் 1088இல் தொடங்கிய கோவிலே குளூனியின் மூன்றாம் கோவில். முதிய துறவி ஒருவரின் கனவில் இராயப்பர் தோன்றி, கயிறு பிடித்துக் கோவிலின் அளவைக் காட்டினாராம். அளவும் அப்படித்தான் இருந்தது: முகமண்டபத்தோடு சேர்த்து 187 மீட்டர் நீளம், நடுக்கூடத்தின் இருபுறமும் இரட்டைப் பக்கக்கூடங்கள், சிலுவையின் கைகள் போல ஒன்றல்ல, இரண்டு குறுக்குக் கூடங்கள், ஏறத்தாழ 30 மீட்டர் உயரத்தில் கல்லாலான வளைகூரை. உரோமையில் இன்றைய இராயப்பர் பேராலயம் எழும்வரை கிறிஸ்தவ உலகில் இதனினும் பெரிய கோவில் இல்லை. 1095 அக்டோபரில், முன்பு குளூனியில் துறவியாய் இருந்த பாப்பரசர் இரண்டாம் உர்பன் வந்து தலைமைப் பீடத்தை அபிஷேகம் செய்தார். அடுத்த மாதமே கிளேர்மோன் நகரில் சிலுவைப் போருக்கு அழைப்பு விடுத்தவரும் அவரே.

இத்துணைப் பெரிய கோவில் எதற்கு? அங்கு செபமே தொழில். வாரத்தில் 150 சங்கீதங்களையும் பாடி முடிக்கவேண்டும் என்பது புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கு. குளூனித் துறவிகளோ ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட சங்கீதங்களைப் பாடினர். கல் வளைகூரையின்கீழ் அந்தக் குரல்கள் எப்படி ஒலித்திருக்கும்! பீடத்தைச் சூழ்ந்த தூண்களின் தலைப்புகளில் திருப்பாடல் இசையின் எட்டுத் தொனிகளையும் உருவங்களாகவே செதுக்கி வைத்தனர்.

பணம் வந்த வழியையும் சொல்லியாக வேண்டும். ஸ்பெயின் நாட்டு மன்னர் ஆறாம் அல்போன்சு ஆண்டுதோறும் 2,000 பொற்காசுகள் அனுப்பினார். அவை அங்கிருந்த முஸ்லிம் சிற்றரசர்களிடமிருந்து கப்பமாகத் திரட்டப்பட்ட பொன். அந்த ஊற்று வற்றியபோது மடம் கடனில் மூழ்கியது. 1125இல் நடுக்கூட வளைகூரையின் ஒரு பகுதி இடிந்தும் விழுந்தது.

ஏறக்குறைய அதே வேளையில் கிளேர்வோ அதிபர் புனித பெர்நார்து தம் கண்டனத்தை எழுதினார். கோவிலின் சுவருக்குப் பொன்னாடை, கோவிலின் ஏழைக்கு ஆடையில்லையா என்பது அதன் சாரம். கோவில் கட்டிய அனுபவமுள்ள எந்தக் குருவுக்கும் இக்கேள்வி முள்ளாய்க் குத்தும். அவருடைய சித்தோ சபையினர் 1147இல் அபிஷேகம் பெற்ற போந்தனே கோவிலில் சிற்பமோ வண்ணக் கண்ணாடியோ கோபுரமோ வைக்கவில்லை. ஒளி ஒன்றே அங்கு அலங்காரம். ஆனால் அந்த எளிய கோவிலும் நார்விச் ஆயர் எவரார்துவின் செல்வத்தால் எழுந்ததே என்பதையும் மறைப்பதற்கில்லை. குளூனியின் வாசலிலும் நாள்தோறும் ஏழைகள் உண்டனர். பெர்நார்து முற்றிலும் நியாயமாய் நடந்துகொண்டார் என்று நாம் சொல்லத் துணியோம். அவரால் கண்டிக்கப்பட்ட அறிஞர் அபெலார்து 1140இல் தளர்ந்து வந்தபோது கதவைத் திறந்து, தங்கவைத்து, பெர்நார்தோடு சமாதானமும் செய்துவைத்தவர் கடன்பட்ட குளூனியின் அதிபர் வணக்கத்துக்குரிய பேதுருவே. அவர் பெருமைக்கு அக்கோவிலின் நீளம் வேண்டியதில்லை.

பிரெஞ்சுப் புரட்சியில் துறவு சபைகள் கலைக்கப்பட்டன. 1798இல் மடம் வணிகரிடம் விற்கப்பட்டது. கோவில் கல்வெட்டும் குழியாகி, வெடிமருந்து வைத்துத் தகர்க்கப்பட்டு, கற்கள் விலைபோயின. நடுக்கூடத்தின் குறுக்கே தெரு ஒன்று போடப்பட்டது. 1823 வரை நீடித்தது அந்த அழிவு. பெர்நார்தின் கிளேர்வோவும் 1808 முதல் சிறைச்சாலையாகி, 2023இல்தான் அச்சிறை மூடப்பட்டது. போந்தனே காகித ஆலையாக்கப்பட்டதால் பிழைத்தது.

குளூனிக் கோவிலில் இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. தெற்குக் குறுக்குக் கூடத்தின் மேல் எண்கோண வடிவான கோபுரம் ஒன்று நிற்கிறது. தீர்த்தக் கோபுரம் என்பது அதன் பெயர். எட்டுத் தொனிகளின் தூண் தலைப்புகள், மடத்தின் பழைய மாவுக் களஞ்சியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.