கணினிக்குள் போகும் மாங்காய்ப் பூட்டு

திண்டுக்கல் பட்டறையில் மாங்காய்ப் பூட்டு தகடாகத்தான் வாழ்க்கையைத் தொடங்குகிறது. தகட்டை வெட்டி, அரத்தால் தேய்த்து, லீவரையும் ஸ்பிரிங்கையும் பொருத்தி, மேல்மூடியை ரிவெட் அடித்து இறுக்குகிறார் தொழிலாளி. அதன்பின் அந்தப் பூட்டின் உள்விவரம் அவருக்கு மட்டுமே தெரியும். சாவி ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். இம்மி கூடினாலும் குறைந்தாலும் நகராது.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. லீவரின் அளவுகளுக்கும் ஒரு காவல் வேண்டும். அதற்காகவே இந்தப் பூட்டு கணினிக்குள் போயாக வேண்டும் என்கிறேன்.

போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பரப்பு மாடல். 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரெனோ நிறுவனத்தில் பெசியேயும் சித்ரோயனில் தெ காஸ்தெல்ஜோவும் கார் உடலின் வளைவுகளைக் கணக்கில் பிடித்த வழி இது. பூட்டை முப்பரிமாண ஸ்கேன் செய்தாலும் முதலில் கிடைப்பது வெளிப்பரப்புதான். அதற்குத் தடிமன் கிடையாது. வெட்டுத்தளம் ஒன்றைக் குறுக்கே செலுத்தினால் வெறும் கோடுதான் மிஞ்சும். மாங்காயின் தோலை மட்டும் வைத்துக்கொண்டு சதையையும் கொட்டையையும் தேடுவது போன்றது இது. பரப்புகளுக்கு இடையே சிறு இடைவெளி இருந்தாலும் கோடு மூடாது. மூடாத கோட்டுக்குள் வெட்டுமுகக் கோடுகளை நிரப்ப மென்பொருளுக்கு வழியில்லை.

இன்னொன்று, திண்ம மாடல். 1970-களில் கேம்பிரிட்ஜில் இயான் பிரெய்டு போன்றவர்கள் வளர்த்தெடுத்தது. இதில் பரப்புகள் ஓட்டையில்லாமல் மூடியிருக்கும். ஒவ்வொரு முகத்துக்கும் உலோகம் எந்தப் பக்கம், வெளி எந்தப் பக்கம் என்று தெரியும். அதனால் எங்கே வெட்டினாலும் வெட்டுமுகம் நிரம்பி நிற்கும். அதன் பரப்பளவைக் கணக்கிடலாம். அடர்த்தியைக் கொடுத்தால் பொருளின் எடையும் வந்துவிடும்.

பலர் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். ஸ்கேன் செய்த வெளிப்பரப்புகளைத் தைத்து, ஓட்டைகளை அடைத்து, திண்மமாக மாற்று என்று சொன்னால் மென்பொருள் மறுக்காது. ஆனால் அதை வெட்டிப் பார்த்தால் லீவர் இல்லை, ஸ்பிரிங் இல்லை; இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை கெட்டி உலோகம். வெளியிலிருந்து அசல் திண்டுக்கல் பூட்டு, உள்ளே மாங்காய் வடிவக் கட்டி. வெட்டுமுகம் குறையில்லாமல் நிரம்பியிருப்பதால் பார்ப்பவரும் நம்பிவிடுவார். பரப்பு மாடலின் வெறுமை உடனே கண்ணில் படும். இந்தப் பொய் எளிதில் படாது.

ஆகவே பூட்டைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு லீவரையும், தாழையும், ரிவெட்டையும் தனித்தனியாக அளந்து, தனித்தனித் திண்மங்களாக வரைந்து, பிறகு ஒன்றாகப் பொருத்த வேண்டும். அப்போது சாவியின் பல்லுக்கும் லீவருக்கும் நடுவே உள்ள சந்துகூட வெட்டுமுகத்தில் தெரியும். தேய்ந்த லீவருக்கு மாற்று செய்யவும், புதிதாகத் தொழிலுக்கு வரும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவும் அந்த ஒரு படம் உதவும்.

எந்த லீவர் எவ்வளவு உயர வேண்டும், எங்கே அரம் போட வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் தானாக அறியாது. அது தொழிலாளியின் கையில் இருக்கிறது. திண்டுக்கல் வட்டாரப் பாலிடெக்னிக் மாணவர்கள் பட்டறைகளில் உட்கார்ந்து, வகைக்கு ஒரு பூட்டைப் பிரித்து வரையட்டும். அந்தக் கைகள் வேலையில் இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.