அறிவிப்புப் பலகைகளுக்கான ஒட்டுப்பசைச் சோதனை

ஒட்டுப்பசைச் சோதனை என்பது ஒரு பொருளை மற்றொன்றின் மேல் நிறுத்தும் பசை, வேண்டிய சுமையை வேண்டிய காலம் தாங்குமா என்று அறியும் முறை ஆகும். பொதுப் பட்டறை, தொழிற்பயிற்சி நிலையம் போன்ற இடங்களின் சுவரில் துளையிடாமல் அறிவிப்புப் பலகைகளை ஒட்டுவதற்கு முன் செய்யத்தக்க எளிய சோதனைகளை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் தமிழ்நாட்டின் புதுக்கோட்டை மாவட்டத்துச் சுவர்களையும் தட்பவெப்பத்தையும் கொண்டு தரப்பட்டுள்ளன. இச்சோதனைகளில் பசையின் வலிமையை விடச் சுவரின் மேற்பரப்பே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

தேவை

பட்டறைச் சுவரில் உள்ள பலகை அழகுக்காக வைக்கப்படுவதன்று. மெயின் சுவிட்ச் இருக்கும் இடம், தீயணைப்பான் இருக்கும் இடம், சாணை எந்திரத்தில் கண்காப்பு அணிய வேண்டும் என்ற எச்சரிக்கை ஆகியவற்றை அது தெரிவிக்கிறது. பலகை விழுந்தால் இருவகைத் தீங்கு நேரலாம். ஓடும் கடைசல் எந்திரத்தின் மேலோ, அருகில் நிற்பவர் மேலோ அது விழலாம். விழுந்த பலகையை யாரேனும் எடுத்து மூலையில் வைத்துவிட்டால், ஆபத்து நேரத்தில் தேடுபவருக்கு அறிவிப்பே கிடைக்காது. பாதுகாப்புக் குறிகளின் நிறம், வடிவம் ஆகியவற்றுக்கு இந்தியாவில் ஐ.எஸ். 9457 என்ற தரநிலை உள்ளது. சரியான நிறத்தில் இருந்தாலும் சுவரில் நில்லாத பலகையால் பயனில்லை.

சுமைக் கணக்கு

30 செ.மீ. × 45 செ.மீ. அளவுள்ள பலகையின் எடை, பொருளைப் பொறுத்து ஏறத்தாழப் பின்வருமாறு அமையும்.

• 3 மி.மீ. அக்ரிலிக் தகடு: 0.5 கிலோகிராம்
• 1 மி.மீ. இரும்புத் தகடு: 1.1 கிலோகிராம்

இரும்புப் பலகையை 60 சதுர செ.மீ. பரப்பில் ஒட்டினால், பசையின் மேல் விழும் சறுக்கு விசை ஒரு மெகாபாஸ்கலில் ஐந்நூறில் ஒரு பங்கை விடவும் குறைவு. நல்ல எப்பாக்சிப் பசை உலோகத்தின் மேல் 10 மெகாபாஸ்கலுக்கு மேலும் தாங்கக்கூடியது. கணக்கின்படி எந்தப் பசையும் போதுமானதாகவே தோன்றும். இருந்தும் பலகைகள் விழுவதற்குக் காரணங்கள் வேறு.

• ஊர்வு: தொடர்ந்து இருக்கும் சிறு சுமையில் பசை மெல்ல இழுபட்டு நகர்தல்.
• உரிப்பு: பலகையின் ஒரு விளிம்பு மட்டும் விலகும்போது விசை முழுவதும் மெல்லிய கோட்டில் குவிதல்.
• வெப்ப விரிவு: 45 செ.மீ. நீள அக்ரிலிக் பலகை, 30 பாகை வெப்ப மாற்றத்தில் சுவரை விட ஏறத்தாழ 0.8 மி.மீ. கூடுதலாக விரியும். விறைப்பான பசை இவ்வசைவுக்கு ஈடுகொடாது.
• சுவரின் மேற்பூச்சு உதிர்தல்.

சுவர் வகைகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரே தெருவிலேயே பலவகைச் சுவர்களைக் காணலாம்.

சுண்ணாம்பு வெள்ளையடித்த சுவர்: ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் அடித்த வெள்ளை, ஏடு ஏடாகச் சேர்ந்திருக்கும். பசை மேல் ஏட்டை மட்டுமே பற்றும். அந்த ஏடு பலகையுடன் கழன்று வந்துவிடும்.

டிஸ்டெம்பர் அடித்த சுவர்: விரலால் தேய்த்தால் மாவு போல் ஒட்டும். இதன் மேல் நேரடியாக ஒட்டும் எந்தப் பசையும் நம்பத்தக்கதன்று.

சிமெண்டுப் பூச்சு: சுரண்டித் தூசி நீக்கினால் நன்கு பற்றும். புதிய பூச்சு காரத்தன்மையும் ஈரமும் உடையது. குறைந்தது 28 நாள் ஆறவிட்ட பின்னரே சோதிக்க வேண்டும்.

செட்டிநாட்டுப் பூச்சு: இராயவரம், கோனாபட்டு, விராச்சிலை முதலிய ஊர்களின் பழைய வீடுகளில் காணப்படுவது. பல படிகளாகச் சுண்ணாம்பு பூசி, இறுதிப் படியில் முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றப்பட்டது. வழுவழுப்பாக இருப்பதால் நாடாக்கள் நன்கு பற்றும். ஆனால் பலகையைக் கழற்றும்போது மெருகு பெயர்ந்தால் அதே போல் மீண்டும் செய்வது கடினம். இத்தகைய சுவரில் ஒட்டாமல், தனி நிலைச் சட்டத்தில் பலகையை மாட்டுவதே சிறந்தது.

பூச்சுக்கும் அதன் அடித்தளத்துக்கும் இடையே உள்ள பற்று எவ்வளவு முக்கியமானது என்பதை இம்மாவட்டத்துச் சித்தன்னவாசல் சமணக் குடைவரையில் காணலாம். பொதுவாக 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கருதப்படும் அங்குள்ள ஓவியங்கள், பாறை மேல் பூசிய மெல்லிய சுண்ணாம்புப் பூச்சில் தீட்டப்பட்டவை. பூச்சு பாறையைப் பற்றி நின்ற இடங்களில் விதானத்துத் தாமரைக்குளக் காட்சி இன்றும் எஞ்சியுள்ளது. பூச்சு உதிர்ந்த இடங்களில் வண்ணமும் உடன் போய்விட்டது.

பசை வகைகள்

மைதாப் பசை: சுவரொட்டிகளுக்கு உரியது. பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. தாளுக்கு மேற்பட்ட எடைக்குப் பொருந்தாது.

வெள்ளைப் பசை: பாலிவைனைல் அசிட்டேட்டு என்னும் பல்லுறுப்பியால் ஆனது. 1959 இல் அறிமுகமான ஃபெவிகால் இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நீர் வெளியேற ஒரு பக்கமாவது நுண்துளை உடையதாக இருக்க வேண்டும். இப்பல்லுறுப்பி ஏறத்தாழ 30 முதல் 40 பாகை செல்சியசில் இளகத் தொடங்குவதால், கோடையில் ஊர்வு மிகும்.

இரப்பர்ப் பசை: இரு பக்கமும் தடவி, கரைப்பான் ஆவியான பின் சேர்க்கப்படுவது. ஆவி தீப்பற்றக்கூடியது, காற்றோட்டம் தேவை. வெப்பத்தில் இளகும்.

எப்பாக்சி: பிசினும் கடினமாக்கியும் கலந்து பயன்படுத்துவது. மிக வலியது, ஆனால் விறைப்பானது. உதிரும் பூச்சின் மேல் இதன் வலிமை வீணாகும்.

சிலிக்கோன்: நெகிழ்வானது, வெப்ப விரிவுக்கு ஈடுகொடுக்கும். காடி மணம் வீசும் வகை, இறுகும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது. அவ்வமிலம் சுண்ணாம்பையும் சிமெண்டையும் தாக்குவதால், சுவருக்கு நடுநிலை வகையே ஏற்றது.

சயனோஅக்ரிலேட்டு: 1958 முதல் விற்பனையில் உள்ள விரைவுப் பசை. இடைவெளியை நிரப்பாது, சொரசொரப்பான சுவருக்கு ஏற்றதன்று.

இருபக்க அக்ரிலிக் நுரை நாடா: 1980 இல் 3எம் நிறுவனம் அறிமுகப்படுத்திய வகை. ஒரு கிலோகிராம் நிலைச்சுமைக்கு ஏறத்தாழ 55 சதுர செ.மீ. நாடா தேவை என்பது பொது விதி. முழுப் பற்று ஏற்பட அறை வெப்பநிலையில் 72 மணிநேரம் ஆகும்.

சோதனை முறைகள்

ஆய்வகங்களில் உரிப்பு, சறுக்கு, நேரிழுப்பு ஆகிய மூன்று விசைகளுக்கும் தனித்தனித் தரநிலைகளும் கருவிகளும் உள்ளன. பட்டறையில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு பின்வருமாறு சோதிக்கலாம். சோதனைத் துண்டுகளைப் பலகை இருக்கப்போகும் அதே சுவரில் ஒட்டுவது இன்றியமையாதது. வேறு சுவரில் கிடைத்த முடிவு இச்சுவருக்குப் பொருந்தாது.

1. சுவர்ச் சோதனை: கருந்துணியால் சுவரைத் தேய்த்து, துணியில் வெள்ளை ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பின்னர் ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டி, விரைவாக உரிக்க வேண்டும். நாடாவில் பூச்சு வந்தால், அவ்விடத்தைக் கெட்டித்தளம் வரை சுரண்ட வேண்டும்.

2. தொங்கு சோதனை: பலகைப் பொருளின் துண்டு ஒன்றை ஒட்டி, பசை முழுதும் இறுகிய பின், பலகையின் எடையைப் போல் 4 மடங்கு எடையைத் தொங்கவிட வேண்டும். பலகையை விடத் துண்டு சிறியதாயின், பரப்பின் விகிதப்படி எடையையும் குறைக்க வேண்டும். துண்டின் மேல் விளிம்பைப் பென்சிலால் குறித்து, ஒரு வாரம் நாள்தோறும் பார்க்க வேண்டும். கோட்டிலிருந்து சிறிது இறங்கியிருந்தாலும் அது ஊர்வே. அத்தகைய பசை பின்னாளில் கைவிடும்.

3. நேரிழுப்புச் சோதனை: 5 செ.மீ. சதுரத் துண்டில் கொக்கி பொருத்தி, சுருள்வில் தராசால் சுவருக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். 25 கிலோகிராம் அளவு காட்டினால், அது ஏறத்தாழ 0.1 மெகாபாஸ்கலுக்கு இணை. இழுப்பவர் கண்காப்பு அணிந்திருத்தல் வேண்டும்.

4. உரிப்புச் சோதனை: வளையும் தகட்டின் ஒரு முனையை ஒட்டாது விட்டு, அம்முனையிலிருந்து இழுப்பது. நாடாக்களை ஒப்பிட இது உதவும்.

5. வெப்ப, ஈரச் சோதனை: மேற்கு வெயில் படும் சுவரிலும், தகரக் கூரைக்குக் கீழும் தொங்கு சோதனையைக் கோடைக்காலத்தில் செய்ய வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையின்போது ஈரம் ஊறும் சுவரில் மீண்டும் பார்க்க வேண்டும். டிசம்பரில் வென்ற பசை மே மாதத்தில் தோற்கலாம்.

ஒவ்வொரு பசைக்கும் குறைந்தது 5 துண்டுகள் தேவை. முடிவு எடுக்கும்போது சராசரியைக் கொள்ளாமல், மிகக் குறைந்த அளவையே கொள்ள வேண்டும். ஏனெனில் விழப்போவது சராசரிப் பலகை அன்று.

முறிவைப் படித்தல்

துண்டு கழன்ற பின் அதன் பின்புறத்தைப் பார்ப்பதே சோதனையின் முக்கியப் பகுதியாகும். முறிவு மூவகைப்படும்.

• பற்று முறிவு: பசை ஒரு பக்கத்தில் முழுமையாகத் தங்கி, மறுபக்கம் வெறுமையாக இருக்கும். தூசி, எண்ணெய், வழுவழுப்பு ஆகியவை காரணம். துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் ஒட்டலாம்.
• உள் முறிவு: பசை இரு பக்கமும் ஒட்டியிருக்கும். பசையே கிழிந்தது என்று பொருள். பசையை மாற்றலாம் அல்லது பரப்பைக் கூட்டலாம்.
• அடித்தள முறிவு: துண்டின் பின்புறம் முழுதும் வெள்ளையோ காரையோ இருக்கும். இங்கு பசை தோற்கவில்லை, சுவர் தோற்றது. இன்னும் விலையுயர்ந்த பசை வாங்குவதால் பயனில்லை.

வரம்புகள்

தலைக்கு மேலும், எந்திரங்களுக்கு நேர் மேலும் அமையும் பலகைகளுக்குப் பசையை மட்டும் நம்புதல் தகாது. திருகாணியும் சுவர்ச்செருகியும் துணையாக வேண்டும். வெளிச்சுவர்ப் பலகைகள் காற்றின் விசையையும் தாங்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல் இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. அத்தகைய காற்றுக்கு மேற்கண்ட கைச்சோதனைகள் அளவாகா. ஒட்டிய பலகைகளை ஆண்டுக்கு இருமுறை, கோடை முடிவிலும் மழை முடிவிலும், விளிம்பை விரலால் தள்ளிப் பார்த்தல் நலம்.