பிள்ளைக் காம்பராவும் எங்கள் பள்ளிக்கூடமும்

நூற்றாண்டு மலர் என்றால் அதிபர்கள், ஆசிரியைகள், பரிசளிப்பு விழாக்கள், வலைப்பந்தாட்டக் குழுக்கள் ஆகியவற்றின் வரலாறு இடம்பெறும். அவற்றை எழுத எம்மைவிடத் தகுதியான சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். மாத்தளை மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து வந்து இங்கே படித்து, பின்னர் வைத்தியம், தாதிமை, முன்பள்ளி, சமூக சேவை என்று போன நாம் வேறோர் அறையின் வரலாற்றை எழுத முன்வந்தோம். அது பாடசாலை மதிலுக்கு வெளியே, பல மைல்களுக்கு அப்பால் இருந்த அறை. தோட்டத்தில் அதற்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். சில இடங்களில் பிள்ளை மடுவம் என்பார்கள். கொழுந்து எடுக்கப் போகும் தாய் காலையில் தன் குழந்தையை விட்டுச் செல்லும் இடம் அது. நகரில் வளர்ந்த சகோதரிகள் இப்பெயரைக் கேள்விப்பட்டிராமலும் இருக்கலாம். ஆனால் அந்த அறை நன்றாக நடந்த தோட்டங்களிலிருந்து இப்பாடசாலைக்குப் பெண்பிள்ளைகள் வந்தார்கள். நடக்காத தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் பாதியில் நின்றார்கள்.

எமது முன்னோர் மாத்தளைக்கு வந்தது கோப்பிக் காலத்தில். மன்னார்க் கரையில் இறங்கி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் கால்நடையாக வந்தார்கள். வழியில் மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. கோப்பிக்குப் பருவகாலத்தில்தான் ஆள் தேவை. ஆகவே வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். 1880இல் புகையிரதப் பாதை மாத்தளையை எட்டிய வேளையில் கோப்பி இலைநோயால் அழிந்துகொண்டிருந்தது. அதன் இடத்தைத் தேயிலையும் கொக்கோவும் பின்னர் இறப்பரும் பிடித்தன. தேயிலை ஆண்டு முழுவதும் துளிர்க்கும் செடி. அதற்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும், அதிலும் பெண்களின் கைகள் வேண்டும். குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறியது அதனால்தான். மலையில் வேலை செய்யும் தாயின் கைக்குழந்தையை என்ன செய்வது என்ற கேள்வியும் அப்போதுதான் பிறந்தது.

முதலில் அதற்கு விடை, நிழல்மரத்தில் கட்டிய சேலைத் தொட்டில். மழைக்கும் அட்டைக்கும் அது தாங்காது. அடுத்த விடை, லயத்தில் இருக்கும் அக்கா. ஏழு வயது அக்கா. அவளைப் பற்றிப் பின்னர் சொல்கிறோம்.

தோட்டப் பிள்ளைகளின் சுகாதார வரலாற்றில் மாத்தளைக்கு ஒரு தனி இடம் உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையை 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில்தான் ஆரம்பித்தது. கொக்கிப்புழு மண்ணிலிருந்து வெறுங்கால் வழியே ஏறி, குடலில் தங்கி, இரத்தத்தை உறிஞ்சுவது. இரத்தம் குன்றிய தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்கும். ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள், புழுக்களும் வெளியேறின. ஆனால் லயங்களில் மலசலகூடங்கள் போதவில்லை. மருந்து குடித்தவர்கள் அதே மண்ணில் நடந்து மீண்டும் நோய் வாங்கிக்கொண்டார்கள். மருந்து மட்டும் போதாது, நீரும் கழிப்பிடமும் வீட்டு வாசலுக்கே போகும் சுகாதாரப் பணியாளரும் வேண்டும் என்ற பாடம் அதிலிருந்து கிடைத்தது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவும், இன்று நாடெங்கும் குடும்பநல உத்தியோகத்தர் வீடு வீடாகச் செல்லும் முறையும் அந்தப் பாடத்தின் தொடர்ச்சிதான். விலை கொடுத்தவர்கள் நமது பாட்டிமார்.

படிப்புக்கும் இதே காலத்தில் ஒரு சட்டம் வந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், தோட்டத்திலுள்ள ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைத் துரைமார் மேல் வைத்தது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அந்தச் சின்னப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதபோது, ஆறு வயதுக்கு மேற்பட்டவள் எப்படிப் பள்ளிக்கூடம் போவாள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிள்ளைக் காம்பரா பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். கொழுந்துக்காகத் தொடங்கப்பட்டது. பிள்ளை பெற்ற பெண் சீக்கிரம் மலைக்குத் திரும்ப வேண்டும், அவளுடைய பேர் விழ வேண்டும். அதற்கு லயத்தின் கோடியில் ஓர் அறை, கொழுந்து எடுக்க முடியாத வயதான ஓர் ஆயா, கூரையிலிருந்து வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள். பெரும்பாலும் யன்னல் இருக்காது. அடுப்புப் புகை அங்கேயே சுற்றும். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பிள்ளை எப்போது அழும், எதன் அழுகை பசி, எதன் அழுகை வயிற்றுவலி என்று அவருக்குத் தெரியும். அந்த ஆயாமாரின் பெயர்கள் எந்தத் தோட்டத்துப் பதிவிலும் தனியாக நிற்பதில்லை. செக்ரோலில் மற்றவர்களோடு ஒரு வரி, அவ்வளவுதான்.

சட்டமும் மெல்ல மெல்ல வந்தது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் பின்வந்த அதன் திருத்தங்களும் தாய்க்கு விடுமுறையைத் தந்தன. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பராமரிப்பு நிலையம் அமைக்கும் கடமையை, குறித்த எண்ணிக்கைக்கு மேல் பெண்களை வேலைக்கு வைத்திருப்போர் மீது சுமத்தின. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்க்கு நாளில் இருமுறை பாலூட்ட நேரம் உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் தடவைக்கு அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். கொழும்பில் ஒரு மேசையில் இருந்து பார்த்தால் இது நியாயமான கணக்கு. ஆனால் எல்கடுவை, ரத்தோட்டைப் பக்கத்து மலைகளில் கூடையைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கியவர்களுக்கு அரை மணித்தியாலம் எவ்வளவு தூரம் என்று தெரியும். பிள்ளைக் காம்பரா மலைக்குப் பக்கத்தில் இல்லாத இடத்தில், பாலூட்டக் கொடுத்த நேரம் நடப்பதிலேயே தீர்ந்துவிடும். உக்குவளைப் பக்கத்தில் இறப்பர் பால் வெட்டும் தாய்மாரின் பாடு இன்னொன்று. அவர்கள் விடியுமுன் புறப்படுகிறார்கள். ஆயா வந்து கதவைத் திறக்க வேண்டிய நேரமும் அதுவே.

இனி அந்த அக்காவிடம் வருவோம். 1980களின் இறுதியிலும் 90களிலும் இங்கே படித்தவர்கள் தங்கள் வகுப்பு இடாப்பை நினைவுபடுத்திப் பாருங்கள். தோட்டத்துப் பிள்ளைகள் கொழுந்து அதிகம் வரும் மாதங்களில் வராமல் போவார்கள். ஆசிரியை காரணம் கேட்டால் காய்ச்சல் என்று தோழி சொல்வாள். காய்ச்சல் இல்லை, தம்பிப் பாப்பா. ஆயா வரவில்லை, அல்லது பிள்ளைக் காம்பராவில் சளி பரவுகிறது என்று அம்மா பயந்துவிட்டாள், அல்லது தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா என்று ஒன்று இல்லவே இல்லை. ஆண்பிள்ளையை நிறுத்த மாட்டார்கள். மூத்த பெண்பிள்ளையை நிறுத்துவார்கள். மூன்று மாதம் விட்டுப் போனவள் திரும்பி வந்தால் கணக்குப் பாடம் எட்டாத உயரத்தில் நிற்கும். அடுத்த தவணை அவள் பெயருக்கு நேரே ஒரு கோடு. எமது வகுப்பில் எம்மைவிடக் கெட்டிக்காரிகள் இருவர் அப்படிப் போனார்கள். பெற்றோருக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று அந்நாளில் பலர் சொல்லக் கேட்டோம். அக்கறை இருந்தது. கைகள்தான் குறைவாக இருந்தன.

1973, 74ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தை நமது அம்மாமார் சொல்லிக் கேட்டிருப்போம். அரிசிப் பங்கீடு சுருங்கியது, மாவும் கிடைக்கவில்லை, பயிரிடச் சொந்த நிலமும் இல்லை. தோட்டங்களில் இறப்பு வீதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட வெகுவாக உயர்ந்தது. முதலில் சாய்ந்தவர்கள் குழந்தைகளும் முதியவர்களும். அதே 1973இல்தான் திரிபோஷா திட்டம் ஆரம்பமானது. 1975இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகின. தோட்டப் பாடசாலைகளையும் அரசு பொறுப்பேற்றது. இலவசக் கல்வி 1945இலேயே வந்துவிட்டது என்று நாம் பெருமையாகப் பேசுகிறோம், ஆனால் அது லயத்து வாசலுக்கு வந்துசேர முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1980களில் நெதர்லாந்து, நோர்வே நாடுகளின் உதவியுடன் நடந்த சமூகநலத் திட்டங்களில் பிள்ளைக் காம்பராக்களுக்குப் புதிய கட்டிடங்கள் கிடைத்தன, யன்னல்களோடு. 1992இல் தோட்டங்கள் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டபோது, அரசும் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த ஒரு நிதியம் உருவானது. இன்று நாம் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்று அறிவது அதுவே. பிள்ளைக் காம்பரா சிறுவர் அபிவிருத்தி நிலையமானது. ஆயாவின் இடத்துக்கு, படித்துப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் வந்தார். எம் பாடசாலையின் பழைய மாணவியரும் அவர்களில் இருக்கிறார்கள்.

வைத்தியர் என்ற முறையில் இந்த மாற்றத்தின் பயனை எம்மால் நேரடியாகச் சொல்ல முடியும். முப்பது லயக் காம்பராக்களில் சிதறிக் கிடக்கும் முப்பது பிள்ளைகளை ஒரு குடும்பநல உத்தியோகத்தர் மலை ஏறி இறங்கிப் பார்ப்பதற்கு நாட்கள் பிடிக்கும். அதே முப்பது பேரும் ஒரே அறையில் இருந்தால் ஒரு காலைப்பொழுதில் எடை பார்த்து, வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைத்து, தடுப்பூசி தவறியவரைக் குறித்து, பூச்சி மருந்தும் விற்றமின் ஏயும் கொடுத்துவிடலாம். எடைக் கோடு தட்டையாகத் தொடங்கும் மாதத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் முக்கியம். தாய் மலைக்குத் திரும்பும் மாதமும் அதுவாகவே பெரும்பாலும் இருக்கும். கேட்காத காது, திக்கும் பேச்சு, மாறுகண் எல்லாம் முதலில் தெரிவதும் அங்கேதான். ஒரு பிள்ளையைத் தினமும் மற்றப் பிள்ளைகளோடு பார்க்கும் கண்ணுக்கே வித்தியாசம் படும். அதே அறையில் ஒரு தண்ணீர்க் குழாயும் சவர்க்காரமும் இல்லாவிட்டால் வயிற்றோட்டமும் சொறியும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாகப் பங்கிடப்படும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1916இன் பாடம் இன்றும் பழையதாகவில்லை.

சிறு வயதில் கொடுக்கும் உணவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மத்திய அமெரிக்காவின் குவாத்தமாலாவில் ஓர் ஆய்வு உண்டு. 1969 முதல் 1977 வரை நான்கு கிராமங்களில், இரண்டில் புரதம் சேர்ந்த கஞ்சியும் மற்ற இரண்டில் வெறும் இனிப்புப் பானமும் கொடுத்தார்கள். இரண்டு வயதுக்குள் கஞ்சி குடித்த ஆண்பிள்ளைகள் வளர்ந்தபின், மற்றவர்களைவிட மணித்தியாலத்துக்கு 46 சதவீதம் அதிகமாக உழைத்தார்கள். கஞ்சி குடித்த பெண்பிள்ளைகள் தாயானபோது அவர்களது குழந்தைகள் சராசரியாக 116 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன. ஆண்களின் சம்பளக் கணக்கைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எமக்கு அந்த 116 கிராம் பெரிதாகப் படுகிறது.

நமது மலைகளின் கணக்கு இன்னும் நிறைவடையவில்லை. 2006–07ஆம் ஆண்டுக் குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட தோட்டப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். 2016இல் அது சுமார் 32 ஆகக் குறைந்தது. நாடு முழுவதற்கும் இரண்டு முறையும் ஏறத்தாழ 17. தோட்டம் முன்னேறியிருக்கிறது என்று ஒருவர் சொல்லலாம், இன்னும் இருமடங்கு என்று இன்னொருவர் சொல்லலாம், இரண்டும் சரி. 2016க்குப் பிறகு வந்த 2022ஐ நாம் எல்லோரும் பார்த்தோம். அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பின் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். சோளம் கிடைக்காமல் திரிபோஷாவும் தடைப்பட்டது.

மாத்தளையில் இன்று எம்மைக் கவலைப்படுத்தும் விடயம் வேறு. இந்த வரலாறு முழுவதிலும் பிள்ளைக்குக் கிடைத்த இடம் தாயின் செக்ரோல் பெயரோடு கட்டப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 1975இல் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின்கீழ் வந்த அங்கன்வாடி ஊருக்கு உரியது. தாய் எங்கே வேலை செய்கிறாள் என்று அது கேட்பதில்லை. நமது பிள்ளைக் காம்பரா தோட்டத்துக்கு உரியது. தோட்டம் பெரிதாக, முழுதாக இருக்கும் வரை இந்த வேறுபாடு தெரியாது. மாத்தளையிலோ தோட்டங்கள் துண்டாகின்றன. ஒரு பகுதி காடாகிறது, ஒரு பகுதி மிளகுக்கும் கறுவாவுக்கும் கைமாறுகிறது. தாய் நகரத்தில் கடைக்கோ ஆடைத் தொழிற்சாலைக்கோ போகிறாள், அல்லது குவைத்தில் வேறொருவரின் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறாள். செக்ரோலில் பெயர் இல்லாத அவளுடைய பிள்ளையையும் சேர்த்துக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. அது அங்குள்ளவர்களின் நல்ல மனம். சட்டத்தின் கடமையாக அது இன்னும் எழுதப்படவில்லை.

முன்பள்ளி இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. மூன்று வயதுக்குப் பிறகு, நண்பகல் வரை. மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கொப்பி நிரப்பும் வீட்டுப்பாடம் கொடுக்கும் முன்பள்ளிகளைப் பார்த்துப் பெற்றோர் மகிழ்கிறார்கள். கழிவறையில் வாளி இருக்கிறதா என்று பார்ப்பவர் குறைவு. நண்பகலிலிருந்து அம்மா வீடு திரும்பும் வரை யார்? பல லயங்களில் இன்றும் அக்காதான்.

இம்மலரின் வேலைகளுக்காகப் பழைய மாணவியரிடம் விபரம் திரட்டியபோது, தத்தம் தோட்டத்து ஆயாவின் பெயரை உடனே சொன்னவர்கள் பலர். அவரது படம் வைத்திருந்தவர் ஒருவரும் இல்லை. கனடாவிலோ இலண்டனிலோ சென்னையிலோ இருக்கும் சகோதரிகளின் பழைய அல்பங்களில் ஒரு பிள்ளைக் காம்பராவின் படம், ஓர் ஆயாவின் முகம், ஒரு பழைய எடை அட்டை இருந்தால் சங்கத்துக்குப் பிரதி அனுப்புங்கள். தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் பின்புறம் எழுதி அனுப்புங்கள். உங்கள் தோட்டத்தில் அந்த அறை இப்போது திறந்திருக்கிறதா, எத்தனை மணிக்குத் திறக்கிறது, யாருடைய பிள்ளைகளைச் சேர்க்கிறது என்று ஊரில் உள்ளவர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள். மாவட்டத்தின் பட்டியல் ஒன்றை நாம் தயாரிக்கத் தொடங்கியுள்ளோம்.