மான்சல் பள்ளத்தாக்கு: ரயில் விட்டுச் சென்ற நடைபாதை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், டெர்பிஷயர் மாவட்டத்தில், பீக் டிஸ்ட்ரிக்ட் என்ற மலைப்பகுதி இருக்கிறது. அதன் நடுப்பகுதியும் தென்பகுதியும் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. கல்லின் வெளிறிய நிறத்தால் அந்தப் பகுதிக்கு 'வெள்ளை பீக்' என்றே பெயர். வை என்ற சிறிய ஆறு அந்தக் கல்லை அறுத்துக்கொண்டு பக்ஸ்டன் ஊரிலிருந்து பேக்வெல் ஊரை நோக்கி ஓடுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் இன்று 'மான்சல் டிரெயில்' என்ற நடைபாதை செல்கிறது. அதன் நீளம் 8.5 மைல், அதாவது சுமார் 13.7 கிலோமீட்டர்.

கைக்குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு தாய்மார்கள் இந்தப் பாதையில் நடக்கிறார்கள். சக்கர நாற்காலியில் முதியவர்கள் வருகிறார்கள். சிறுவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். செங்குத்தான பாறைகள் நிறைந்த பள்ளத்தாக்கில் இவ்வளவு சமமான பாதை எப்படி வந்தது? இயற்கை அதைத் தரவில்லை. அழகைக் கெடுத்துவிட்டது என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட ஒரு ரயில் பாதைதான் அதைத் தந்தது!

கல் பிறந்த கதை

சுமார் 33 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் நிலநடுக்கோட்டை ஒட்டி, ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலாக இருந்தது. பவளங்கள், சிப்பிகள், கடல் அல்லிகள் ஆகியவற்றின் எச்சங்கள் கடலடியில் படிந்து, இறுகி, சுண்ணாம்புக்கல் ஆயின. மழைநீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு அந்த நீரை லேசான அமிலமாக்குகிறது. அது சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. அதனால்தான் இப்பகுதியில் குகைகளும், நீர் வற்றிய பள்ளத்தாக்குகளும் அதிகம். பல ஓடைகள் நிலத்தடிக்குள் போய்விட்டாலும், வை ஆறு ஆண்டு முழுவதும் மேலே ஓடுகிறது. வற்றாத இந்த நீர்தான் பள்ளத்தாக்குக்குப் பஞ்சாலைகளைக் கொண்டுவந்தது.

குழந்தைகள் உழைத்த இடம்

18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பஞ்சாலை இயந்திரங்கள் நீராற்றலால் ஓடின. வை ஆற்றின் கரையில் கிரெஸ்புரூக்கிலும் லிட்டனிலும் ஆலைகள் எழுந்தன. லிட்டன் ஆலை 1782-இல் தொடங்கப்பட்டது. ஆள் நடமாட்டம் குறைந்த பள்ளத்தாக்கில் தொழிலாளர்கள் கிடைப்பது கடினம். எனவே நகரங்களில் உள்ள ஏழையர் விடுதிகளிலிருந்து ஆதரவற்ற குழந்தைகள் 'பயிற்சித் தொழிலாளர்' என்ற பெயரில் அழைத்து வரப்பட்டனர்.

அவர்களில் ஒருவர் ராபர்ட் பிளின்கோ. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ஏழையர் விடுதியில் வளர்ந்த இவர், 1799-இல், ஏறத்தாழ ஏழு வயதில், நாட்டிங்காம் அருகே ஓர் ஆலைக்கு அனுப்பப்பட்டார். பின்னர் லிட்டன் ஆலைக்கு மாற்றப்பட்டார். அங்கே நீண்ட நேர வேலை, பசி, அடி உதை ஆகியவற்றைக் குழந்தைகள் அனுபவித்தனர். அவருடைய வாழ்க்கைக் கதையை ஜான் பிரவுன் என்பவர் எழுதினார். அது 1828-இல் ஒரு பத்திரிகையிலும், 1832-இல் தனி நூலாகவும் வெளிவந்தது. 1833-இல் தொழிற்சாலைகளில் குழந்தைகளின் நிலையை ஆராய்ந்த அரசுக் குழுவின் முன் பிளின்கோ சாட்சியமும் அளித்தார். அதே ஆண்டில் வந்த சட்டம், பெரும்பாலான துணி ஆலைகளில் ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது.

இன்று அந்த ஆலைக் கட்டடங்கள் குடியிருப்புகளாக மாறிவிட்டன. அவற்றைக் கடந்து செல்லும் குழந்தைகள் விடுமுறையைக் கழிக்க வந்தவர்கள்.

ரயில் வந்தது, ரஸ்கின் கொதித்தார்

மிட்லண்ட் ரயில்வே நிறுவனம் மான்செஸ்டர் நகருக்குத் தனக்கென ஒரு பாதை தேடியது. வழியில் பெரிய பிரபுக்களின் நிலங்கள் இருந்தன. ரட்லண்ட் பிரபுவின் ஹேடன் மாளிகை அருகே ரயில் கண்ணில் படாதபடி சுரங்கப்பாதை அமைத்து, பேக்வெல் வழியாக வை பள்ளத்தாக்குக்குள் பாதை நுழைந்தது. 1863-இல் அது பக்ஸ்டனை எட்டியது. மான்சல் டேல் என்ற இடத்தில் ஆற்றைக் கடக்க ஐந்து வளைவுகள் கொண்ட ஹெட்ஸ்டோன் பாலம் கட்டப்பட்டது. பாறைகளைக் குடைந்து வரிசையாகச் சுரங்கப்பாதைகள் அமைக்கப்பட்டன.

இதைக் கடுமையாகச் சாடியவர் ஜான் ரஸ்கின். காந்தியடிகளின் வாழ்க்கையை மாற்றிய 'அன்டு திஸ் லாஸ்ட்' நூலை எழுதியவர் இவரே. ரஸ்கின் பாலத்தைத் தடுக்கப் போராடினார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் தம் 'ஃபோர்ஸ் கிளாவிகெரா' கடிதங்களில் இதைப் பற்றி எழுதியது 1871-இல். அப்போது ரயில் ஓடத் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. இரண்டு சிற்றூர்களுக்கு இடையே விரைவாகப் போய்வரும் வசதிக்காகத் தெய்வீகமான ஒரு பள்ளத்தாக்கு பலியிடப்பட்டது என்பதே அவர் வாதம்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பாறைகள் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. ரயில் வந்ததால் கல் குவாரிகளும் பெருகின. மில்லர்ஸ் டேல் அருகே 1880-இல் தொடங்கி 1944 வரை இயங்கிய பெரிய சுண்ணாம்புக் காளவாய்கள் இன்றும் பாதையோரம் நிற்கின்றன. ஆனால் அந்த வாதத்தில் இன்னொரு குரலும் ஒலித்தது. கண்டவர்கள் எல்லாம் எளிதாக வந்து போகும் இடமாகப் பள்ளத்தாக்கு ஆகிவிட்டதே என்ற எரிச்சல் அது. இயற்கை அழகு யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விதான் அடுத்த நூறாண்டுகளுக்கு அப்பகுதியின் வரலாற்றை நடத்தியது.

நடக்கும் உரிமை

மான்செஸ்டர், ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களின் உழைப்பாளிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம் பெரும் ஆறுதலாக இருந்தது. ஆனால் மேட்டுநிலங்கள் பலவும் பிரபுக்களின் வேட்டைக்காடுகள். பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. 1932 ஏப்ரல் 24 அன்று, பீக் டிஸ்ட்ரிக்டின் வடபகுதியில் உள்ள கிண்டர் ஸ்கவுட் மலையில் நூற்றுக்கணக்கானோர் தடையை மீறி நடந்தனர். ஐந்து இளைஞர்கள் சிறை சென்றனர். கிண்டர் சுண்ணாம்புக்கல் மலை அல்ல. ஆனாலும் அங்கு எழுந்த கோரிக்கை முழுப் பகுதிக்கும் பயன் தந்தது. 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 1951 ஏப்ரல் 17-இல் பீக் டிஸ்ட்ரிக்ட் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது.

ரயில் போனது, பாதை வந்தது

1960-களில் பிரிட்டனில் நூற்றுக்கணக்கான ரயில் பாதைகள் மூடப்பட்டன. வை பள்ளத்தாக்கு வழியாகச் சென்ற பாதையும் 1968-இல் மூடப்பட்டது. லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்திலிருந்து மான்செஸ்டர் சென்ற விரைவு ரயில்கள் அதுவரை இவ்வழியே ஓடின. பிளின்கோ புறப்பட்ட அதே செயின்ட் பாங்க்ரஸ்!

ரஸ்கின் வெறுத்த பாதையில் கட்டப்பட்ட ஹெட்ஸ்டோன் பாலம், 1970-இல் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. தேசியப் பூங்கா நிர்வாகம் ரயில் நிலத்தைப் பெற்று, 1981-இல் மான்சல் டிரெயிலைத் திறந்தது. ஆனால் பாதுகாப்புக் கருதி நீண்ட சுரங்கப்பாதைகள் மூடியே கிடந்தன. நடப்பவர்கள் அவற்றைச் சுற்றி, மேடுபள்ளமான ஒற்றையடிப் பாதைகளில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. இளைஞர்களுக்கு அது விளையாட்டு. குழந்தை வண்டிக்கும் சக்கர நாற்காலிக்கும் அங்கேயே பயணம் முடிந்துவிடும். ஆகவே பெயரளவில் எல்லோருக்குமான பாதை, உண்மையில் கால் வலுவுள்ளவர்களின் பாதையாகவே 30 ஆண்டுகள் இருந்தது.

2011 மே மாதம் ஹெட்ஸ்டோன், கிரெஸ்புரூக், லிட்டன், சீ டோர் ஆகிய நான்கு சுரங்கப்பாதைகள் சீரமைத்துத் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம். பகல் நேரத்தில் உள்ளே மின்விளக்குகள் எரிகின்றன. ரயில் எஞ்சின் செங்குத்தாக ஏற முடியாது என்பதற்காக அன்றைய பொறியாளர்கள் மென்சரிவாக அமைத்த தடம், இன்று மூன்று வயதுக் குழந்தையும் நடக்க ஏற்றதாக இருக்கிறது. கரடுமுரடான அனுபவம் வேண்டும் என்போர் அருகிலுள்ள சீ டேலுக்குள் இறங்கலாம். அங்கே பாறைச் சுவரை ஒட்டி, ஆற்றில் போடப்பட்ட படிக்கற்கள் மீது தாண்டித் தாண்டிச் செல்ல வேண்டும். சற்று வளர்ந்த குழந்தைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

ரயிலை மீண்டும் இயக்க வேண்டும் என்ற குரல்களும் அவ்வப்போது எழுந்திருக்கின்றன. சாலை நெரிசலைக் குறைக்கும் என்பது அவர்கள் வாதம். அப்படிச் செய்தால் இந்தச் சமமான பாதை என்னவாகும் என்பது எதிர்வாதம். 1871-இல் பள்ளத்தாக்கை ரயில் பலிகொண்டுவிட்டது என்றார் ரஸ்கின். இன்று அவர் பக்கம் நின்று பேசக்கூடியவர்கள், அதே ரயில் அமைத்த தடத்தில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள்தாம்.