கயிற்று முடிச்சும் வண்டிக் குறியீடும்

ஊர்காவற்றுறைக்கு எதிரே கடல் நடுவில் நிற்கும் கோட்டையைத் தீவகத்தார் நன்கறிவர். போர்த்துக்கேயர் கட்டிய அதனை ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டிற் கைப்பற்றினர். வேலணைத் தீவுக்கு லெய்டன் என்றும் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இட்டவர்களும் அவர்களே. ஒல்லாந்த மாலுமிகள் கப்பலின் முன்புறத்தே ஒரு மரத்துண்டைக் கடலில் எறிந்து, கப்பலின் பக்கத்தில் இட்ட இரு குறிகளுக்கிடையே அது கடக்கும் நேரத்தைக் கணித்தனர். தூரமும் காலமும் தெரிந்தால் வேகம் தானே தெரியும்.

ஆங்கிலேயர் கையாண்ட முறை வேறு. வில்லியம் போர்ன் 1574ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் அது விவரிக்கப்பட்டது. பலகைத் துண்டொன்றைக் கயிற்றிற் கட்டி நீரில் விடுவர். மணற்கடிகாரம் வடியும்வரை எத்தனை முடிச்சுகள் கைவிட்டு ஓடின என எண்ணுவர். பிற்காலத்தில் 28 விநாடிக் கடிகாரத்துக்கு முடிச்சுகளின் இடைவெளி 47 அடி 3 அங்குலமென வகுக்கப்பட்டது. ஒரு முடிச்சு ஓடினால் வேகம் மணிக்கு ஒரு கடல்மைல். ஆனால் நனைந்த கயிறு சுருங்கும். ஈரமேறிய மணல் தாமதித்து வடியும். கணக்குப் பிழைத்தால் கப்பல் தரைதட்டும். ஆதலின் விவேகமுள்ள தலைவன், கப்பலைக் குறைகூறுமுன் கயிற்றை மீண்டும் அளந்து பார்த்தான்.

தரையில் ஓடும் வண்டிக்கு ஜேர்மானியரான ஒட்டோ ஷுல்ட்ஸே 1902ஆம் ஆண்டில் காந்த வேகமானிக்குக் காப்புரிமை பெற்றார். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளில் தானாகக் கியர் மாற்றும் பெட்டி வந்தது. எந்த வேகத்தில் கியரை மாற்றுவதென்பதை அதில் எண்ணெய் அழுத்தமே உணர்த்திற்று. பின்னர் அப்பணியை மின்கருவிகள் ஏற்றன. பெட்டிக்குள் நுழையும் தண்டருகே ஓர் உணரி, வெளியேறும் தண்டருகே மற்றோர் உணரி. பற்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். கணினி அதனை எண்ணும். அன்று முடிச்சுகளை எண்ணிய வேலைதான் இது.

எண்ணிக்கை நின்றால் அல்லது முரண்பட்டால் கணினி விளக்கை எரித்து ஒரு குறியீட்டைப் பதிகிறது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரி வண்டிகள் முதல் இக்குறியீடுகள் பொதுமையாயின. பி 0715 என்பது நுழைதண்டு உணரியின் மின்சுற்றையும், பி 0720 என்பது வெளித்தண்டு உணரியின் மின்சுற்றையும் குறிக்கும். அப்போது கியர் தாறுமாறாக மாறலாம். அல்லது வண்டி ஒரே கியரில் நின்று மெல்ல நகரலாம்.

இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். குறியீடு கூறுவது மின்சுற்றில் பிழை என்பதே; உணரி பழுது என்றோ, கியர்ப்பெட்டி அழிந்தது என்றோ அன்று. யாழ்ப்பாணத்திலிருந்து வேலணை, புங்குடுதீவு வழியே குறிகட்டுவான் செல்லும் பாதையில் கடலைப் பிளந்து செல்லும் தாம்போதிகள் உள. உப்புக்காற்றுப் பட்டால் கம்பி இணைப்பிற் களிம்பேறும். கம்பி அறுந்திருக்கலாம்; உணரியின் காந்த முனையில் இரும்புத் துகள் படிந்திருக்கலாம். இணைப்பைத் துடைத்து, கம்பியைச் சோதித்து, குறியீட்டை அழித்து, மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். அதன்பின்னும் குறியீடு திரும்பினால் உணரியை அளந்து பார்த்து மாற்றலாம். கியர்ப்பெட்டியைக் கழற்றும் பேச்சு அதற்கும் பின்னரே எழவேண்டும்.

இவ்வரிசை தவறினால் சிறு செலவில் முடியவேண்டிய வேலைக்கு, வாடகை வண்டியோட்டும் குடும்பமொன்று பல மாத உழைப்பை இழக்கும். நெடுந்தீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகேறி வந்து, குறிகட்டுவான் இறங்குதுறையில் வண்டிக்குக் காத்திருக்கும் நோயாளிக்கோ ஒரு நாளே போய்விடும்.

குறியீடு தேடவேண்டிய இடத்தைச் சுட்டுகிறது. தேடுவது நம் கடமை. ஆகவே வண்டியைச் செப்பனிடக் கொடுக்குமுன், "எந்த எண் வந்தது? எதையெதைச் சோதித்தீர்கள்?" என்று தயங்காது கேளுங்கள்.