எங்கே மக்கும்?

கிழக்குத் தாம்பரத்தில் காய்கறிக் கடைக்காரர் தக்காளியை ஒரு பச்சைப் பையில் போட்டார். "பிளாஸ்டிக் வேணாமே" என்றேன். "இது அந்தப் பிளாஸ்டிக் இல்ல சார், மக்கிடும். எழுதியே இருக்கு பாருங்க." எழுதித்தான் இருந்தது. எங்கே மக்கும் என்று மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்தில் எறிந்த பை எறிந்த இடத்தில் கிடக்காது. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று ஏரி ஏரியாக இறங்கும் மழைவெள்ளம் அதைப் பள்ளிக்கரணைக்குக் கொண்டுபோகும். பிறகு ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் கழிமுகம், கடல். மக்கும் பைகளுக்கான ஐஎஸ்ஓ 17088 தரமோ 58 டிகிரி வெப்பமுள்ள உரக்குவியலில், 180 நாளில் மக்குவதைக் கணக்கிடுகிறது. வங்கக்கடலில் இரண்டாயிரம் மீட்டர் ஆழத்தில் வெப்பம் 3 டிகிரிக்குப் பக்கம்.

அந்தக் குளிரில் எதுவும் மக்குமா? இந்தக் கேள்விக்கு ஒரு சாப்பாட்டுக் கதை உண்டு. 1968 அக்டோபரில் ஆல்வின் என்ற அமெரிக்க ஆய்வு நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் சுமார் 1,500 மீட்டர் ஆழத்தில் மூழ்கியது. உள்ளே இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள். மதிய உணவு மூழ்கிப்போனது. பத்து மாதம் கழித்துத் தூக்கியபோது சாண்ட்விச்சும் ஆப்பிளும் ஏறக்குறைய அப்படியே இருந்தன. அதே குளிரில், கரையில் ஃபிரிட்ஜில் வைத்ததும் சில வாரங்களில் கெட்டுவிட்டன. ஆக, குளிர் மட்டும் காரணமில்லை. ஆழ்கடலின் அழுத்தத்திலும் நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகிறது.

மந்தம்தான், நின்றுவிடவில்லை. பூஜ்ய டிகிரியிலும் பாக்டீரியா வளரும் என்று ஃபார்ஸ்டர் 1887லேயே குளிரில் வைத்த மீனிலிருந்து கண்டு சொன்னார். 1926ல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் லெமுவான், ஒரு பாக்டீரியா தன் உடலுக்குள் பாலியெஸ்டரைக் கொழுப்புபோலச் சேமிப்பதைக் கண்டார். உயிர்கள் செய்து சேமிக்கும் பொருள் என்பதால், அதை வெட்டித் தின்னும் நொதிகளும் இயற்கையில் உண்டு. குளிர்க்கடல் நொதிகளின் அமைப்பு கொஞ்சம் தளர்வானது. உறையும் குளிரிலும் வளைந்து கொடுத்து வேலை செய்யும். அந்தத் தளர்வுக்கு விலை, சூடு தாங்காமை. நம்ம ஊர் மே மாத வெயிலில் அவற்றில் பல உருக்குலைந்து போகும்.

2024ல் ஜப்பானியர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். 757 முதல் 5,552 மீட்டர் வரையிலான கடலடியில் பலவகை மக்கும் பிளாஸ்டிக்குகளை வைத்துப் பார்த்திருந்தார்கள். பாக்டீரியா தயாரிக்கும் பாலியெஸ்டர் கரைந்தது, ஆழம் கூடக்கூட மெதுவாக. மக்காச்சோளத்திலிருந்து செய்யப்படும் பிஎல்ஏ கரையவே இல்லை. கடைகளில் இரண்டுக்கும் 'மக்கும்' என்ற ஒரே பெயர்தான்.

பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தைத் தாண்டித்தான் வேளச்சேரி போவேன். ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்ப அங்கே 'மத்ஸ்யா 6000' உருவாகிறது. அது இறங்கும் இடத்தில் நம் பைகளும் கிடக்கலாம்.

அடுத்த வாரம் மஞ்சப்பையோடு போனேன். "அதான் மக்கிடும்னேனே சார்" என்று சிரித்தார் கடைக்காரர். "மக்கும்ணே. ஆனா கடலுக்குப் போனா சந்தேகம்தான்" என்றேன். அவர் பையைத் திருப்பி, எழுத்தை இன்னொருமுறை படித்தார்.