முதற் கைத்துப்பாக்கி

கைத்துப்பாக்கி சுடப் பழக விரும்பும் இளைஞர் முதலில் எதனைக் கையிலெடுத்தல் வேண்டும்? தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளை தேசிய மாணவர் படையில் .22 ரைபிளைப் பிடித்துப் பழகிவந்த மாலையில் இக்கேள்வி எழுவதுண்டு. விடையைக் காண நம் நாட்டு வரலாற்றைச் சிறிது புரட்ட வேண்டும்.

1878-இல், லிட்டன் பிரபுவின் ஆட்சியில் பிறந்த ஆயுதச் சட்டம் உரிமமின்றி இந்தியர் படைக்கலம் வைத்திருத்தலைக் குற்றமாக்கிற்று. ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு அளிக்கப்பெற்றது. மக்கள் நெஞ்சில் தைத்தது தடையினும் இப்பாகுபாடே. 1931-இல் கராச்சிக் காங்கிரஸ், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் தாங்குதலையும் அடிப்படை உரிமைகளுள் வைத்தெண்ணியது. அரசியலமைப்பில் அஃது இடம்பெறவில்லை. 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமத்தைக் கைவிடவில்லை.

இதனிடையே 1951-இல் தேசிய ரைபிள் சங்கம் தோன்றிற்று. மக்களவையின் முதல் தலைவரான மாவலங்கரே அதற்கும் முதல் தலைவர். காவலுக்கென வாங்கிப் பூட்டி வைக்கும் பொருளாயிருந்த துப்பாக்கி, பழகித் தேர்வதற்குரிய கலையாகவும் மதிக்கப்படலாயிற்று.

துப்பாக்கி என்றவுடன் பலர் கான்பூரில் செய்யப்பெறும் .32 ரிவால்வரையே நினைப்பர். ('ரிவால்வர்' என்பதைச் 'சுழல்துப்பாக்கி' என்றெழுதி, பின் நாமே அடித்துத் திருத்திய நாட்கள் நம் மொழிபெயர்ப்பு மேசையில் உண்டு.) அது தற்காப்புக்கென அமைந்தது. குழல் குறுகியதாதலின் குறியில் நேரும் சிறு பிழையும் இலக்கில் பெரிதாகும். அன்றியும் வெடியோசையும் பின்னுதைப்பும் புதியவரை அச்சுறுத்தும், அடுத்த வெடியை எதிர்பார்த்தே கை முன்கூட்டி நடுங்கும், குழல்வாய் தாழும். ஒருமுறை படிந்த இந்நடுக்கத்தைப் போக்குதல் எளிதன்று.

.22 பிஸ்டலில் உதைப்பு மிகக் குறைவு. காற்றுப் பிஸ்டலிலோ வெடிமருந்தே இல்லை. அழுத்தப்பெற்ற காற்று 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டை 10 மீட்டர் தொலைவிலுள்ள இலக்குக்குச் செலுத்துகிறது. விதிகள் வரையறுத்த ஆற்றலுக்குட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமமும் வேண்டுவதில்லை. சட்டம் அடைத்த பெருவாயிலின் அருகே திறந்திருந்த இச்சிறு கதவின் வழியாகவே நம் இளைஞர் பலர் இக்கலையுள் நுழைந்தனர். 2012-இல் லண்டனில் விஜய்குமார் வெள்ளி வென்றது .22 பிஸ்டலால், 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வென்றது காற்றுப் பிஸ்டலால்.

உரிமம் வேண்டாததனால் இதனை விளையாட்டுப் பொம்மையென எண்ணிவிடலாகாது; அச்சிறு குண்டு கண்ணைப் பறிக்கவல்லது. எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருதி, குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து, சுடும் கணம்வரை விரலை விசைக்கு வெளியே நிறுத்தல் வேண்டும். பயிற்சியாளர் பலர் தொடக்க நாட்களில் குண்டே தருவதில்லை. வெறுந்துப்பாக்கியின் விசையை மெல்ல இழுத்துப் பழகுமாறே பணிப்பர்.